"நீங்க சொன்னா கேப்பான் சார்": மோட்டார் சைக்கிளில் ஐரோப்பா



பாடநூல், தேர்வு, மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டு வேறு ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று அமர்ந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் அதுவும் பள்ளிக்கூடத்திலேயே வந்து நிற்கிறது. என்ன செய்வது!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் வீட்டிற்கு வந்திருந்தார். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு ஈப்போ புந்தோங்கில் மகனோடு குடியிருக்கிறார். தேநீரைக் கூடத் தொடாமல் விடயத்திற்கு வந்துவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சு சார். புருஷனும் பொண்டாட்டியும் மோட்டார்ல ஐரோப்பா சுத்தப் போறாங்களாம். ரோட்டோரமா கூடாரம் போட்டுப் படுத்துக்குவாங்களாம். நீங்க சொன்னா கேப்பான் சார்."

மகன் தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறான். மருமகள் தாதியர். இருவருமே என்னிடம் படித்தவர்கள். அன்று மாலையே அவர்களை வரச்சொல்லித் திட்டத்தைக் கேட்டேன். இரண்டு 250 சிசி வண்டிகள், ஆளுக்கு ஒன்று. கிள்ளான் துறைமுகத்திலிருந்து வண்டிகள் கப்பலில் முன்னதாகப் போகும். இவர்கள் விமானத்தில் பின்னால் போவார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, வட இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிறகு வடக்கே நார்வே. மொத்தம் அறுபது நாள். சம்பளமில்லா விடுப்பு, ஐந்தாண்டுச் சேமிப்பு, கடன் ஒரு காசும் இல்லை.

தரைவழியாகவே போய்விடலாமே என்று கேட்டேன். அதையும் ஆராய்ந்திருந்தார்கள். 2021ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியன்மார் வழியாக இந்தியாவை அடையும் பாதை அடைபட்டுவிட்டது. சீன வழியில் சொந்த வண்டி ஓட்ட உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் வரவேண்டும், செலவு மிகுதி. ஆகவே கப்பல். மலேசியக் கடப்பிதழ் உடையவர்கள் ஷெங்கன் நாடுகளில் விசா இல்லாமல் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் தங்கலாம் என்பதும், அனைத்துலக ஓட்டுநர் அனுமதியைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெறவேண்டும் என்பதும், அந்நாடுகளில் செல்லுபடியாகும் வண்டிக் காப்புறுதி தனியாக வேண்டும் என்பதும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கையெழுத்து அவளுடையது. ஐந்தாம் ஆண்டில் இருந்த அதே திருத்தமான எழுத்து.

இவ்வளவையும் பார்த்த பிறகு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயினும் அந்தத் தாயாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நம்மில் பலர் செய்யும் தவறு அதுதான்.

மோட்டார் சைக்கிளைக் கண்டால் நம் தாய்மார்கள் நடுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். புந்தோங்கில் எந்தத் தெருவில் கேட்டாலும் அப்படிப் போன பிள்ளை ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கும் மூன்று மாணவர்களின் இறுதிச் சடங்குக்குப் போன அனுபவம் உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

கூடாரத்தைப் பற்றிய அச்சம் வேறு வகை. அதற்கு வரலாறு இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்டத்தில் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் வெள்ளைக்காரத் துரைமார்கள் கொல்லப்பட, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. ஊரடங்கு நேரத்தில் வெளியே நின்றவன் உயிருக்கு உறுதியில்லை. ஒரு பொட்டலம் அரிசியை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனால் கைது. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய், பொழுது சாய்ந்த பிறகு மரத்தடியில் படுப்பது இன்பம் என்று சொன்னால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்?

அதன்பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. வேலையில்லையேல் வீடில்லை என்பதே தோட்டத்துச் சட்டம். அந்த அவலத்தைக் கண்டுதான் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கிய வரலாற்றை நம் மாணவர்களுக்கு நாம் போதுமான அளவு சொல்வதில்லை. அது வேறு கட்டுரை.

தட்டுமுட்டுச் சாமான்களோடு சாலையோரம் நின்ற நினைவு உள்ளவர்களுக்குக் கூடாரம் என்பது விளையாட்டுப் பொருள் அன்று. அந்த அம்மையார் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வியும் இதுதான்: "வீடில்லாம கெடந்தது போதாதா சார்? காசு கொடுத்து வேற கெடக்கணுமா?"

நெடுநேரம் யோசித்தேன். என் கருத்து இதுதான். வீடு இருக்கிறது என்ற உறுதி வந்த பிறகுதான் மனிதன் விரும்பி வெளியே படுக்கிறான். தன் மகனுக்கும் மருமகளுக்கும் அந்த உறுதியைக் கொடுத்தவரே அந்தத் தாயார்தான். அவர் முப்பது ஆண்டுகள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போனதால்தான் இவர்களுக்குக் கூடாரம் ஆசையாகத் தெரிகிறது. இதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் தேநீரைக் குடித்தார்.

நார்வே நாட்டில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பயிரிடப்படாத திறந்த நிலத்தில் யார் வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம். ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பொதுவாக ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதானால் நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும். வண்டியை நிலத்திற்குள் ஓட்டிச் செல்ல அனுமதி கிடையாது. ஐரோப்பா முழுதும் இப்படி இல்லை. பல நாடுகளில் கட்டணம் செலுத்தி முகாம் நிலத்தில்தான் தங்கவேண்டும். ஆயினும், தோட்டத்து எல்லையைத் தாண்டக் கிராணியிடமும் மண்டோரிடமும் சொல்லிவிட்டுப் போன குடும்பத்தின் பேரப்பிள்ளைகள், வழிப்போக்கனுக்கும் நிலத்தில் உரிமை உண்டு என்று சட்டம் எழுதிய நாட்டில் ஓர் இரவு படுத்து எழுந்து வருவது சிறிய செய்தியா?

"நம்மால் முடியுமா, அது வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு" என்பார்கள். சைமன் தாமஸ், லிசா தாமஸ் என்ற பிரிட்டிஷ் கணவன் மனைவி 2003இல் ஆளுக்கொரு வண்டியில் புறப்பட்டு ஆண்டுக்கணக்கில் உலகைச் சுற்றினார்கள் என்று சொன்னால், அதுதான் சொன்னேனே என்பார்கள். சரி, நம் ஈப்போவுக்கே வருவோம். அனிதா யூசோப் நம் ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 2015இல் தனி ஒருவராக மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஓராண்டு காலம் நான்கு கண்டங்களில் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் ஓட்டித் திரும்பினார். அவர் வண்டி 150 சிசி யமஹா. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்கு ஓட்டிப் போகும் வண்டியைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்! ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த ஒரு பெண்மணி, நம் ஊரிலிருந்து போய் வந்திருக்கிறார். நம் ஆசிரியர் அறைகளில் இதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

மோட்டார் சைக்கிளில் சுற்றுவோர் அனைவரையும் நான் பாராட்டுவதாக எண்ணவேண்டாம். விடுமுறை நாளில் தாப்பா ஓய்விடத்தில் பெரிய வண்டிகளை வரிசையாக நிறுத்தி, படம் எடுத்து, காது கிழிய உறுமிவிட்டுப் போகும் கூட்டத்தின்மீது எனக்கு மதிப்பில்லை. அவர்களிடம் எந்த மலையைத் தாண்டி வந்தீர்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். பயணம் என்றால் பாதையைப் படிக்க வேண்டும். என் மாணவர்கள் இருவரும் மூன்று ஆண்டுகளாகப் படித்திருக்கிறார்கள். முதலில் தாப்பாவிலிருந்து கேமரன் மலை வளைவுகள். பிறகு கிரீக்கிலிருந்து ஜெலி வரை, 1982இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. யானை கடக்கும் பலகைகள் உள்ள அந்தச் சாலையில் இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும் என்ற ஒழுக்கத்தை அங்குதான் கற்றார்களாம். மழையில் கூடாரம் அடித்து, நனைந்து, அடுத்த முறை நனையாமல் அடித்திருக்கிறார்கள்.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. 1820களில் ஆஸ்திரியப் பேரரசு அமைத்த சாலை. உயரம் 2,757 மீட்டர். ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். குளிர்காலத்தில் பனியால் மூடிவிடுவார்கள். நம் தானா ராத்தாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உயரம் என்று நான் வகுப்பில் சொன்னபோது பின்வரிசைப் பையன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அங்க மூச்சு விட முடியுமா சார்?" என்று கேட்டான். நார்வேயின் வடமுனையில் ஜூன் மாதம் முழுவதும் சூரியன் மறைவதில்லை என்றதும், "அப்ப எப்ப சார் தூங்குவாங்க?" என்றாள் ஒரு சிறுமி. ஆண்டு முழுதும் பகலும் இரவும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரமாக இருக்கும் ஊரில் பிறந்த பிள்ளைகள். அட்சக்கோடு பற்றி நான் அதற்குமுன் நடத்திய பாடங்கள் எதற்கும் இப்படிக் கேள்வி வந்ததில்லை.

கடன் வாங்கி இருபத்தோராம் பிறந்தநாள் விருந்து வைத்தால் கைதட்டும் நம் சமுதாயம், சொந்தச் சேமிப்பில் உலகம் பார்க்கப் போகிறவர்களைப் பார்த்து "வீண் செலவு" என்கிறது. இதை நான் ஏற்கவில்லை.

இப்போது பள்ளிக்கூடத்திற்கு வருகிறேன். இதைச் சொல்லவே தயக்கமாக இருந்தது.

அந்த மருமகள் ஐந்தாம் ஆண்டு படித்தபோது பள்ளியில் ஈரிரவு முகாம் நடத்தினோம். பெயர் கொடுத்த பெண்பிள்ளைகள் நால்வர், அவளும் ஒருத்தி. "பொம்பளப் புள்ளைங்க வெளிய தங்கக்கூடாது சார்" என்று வீடுகளிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பொறுப்பாசிரியர் நான். ஒரு வீட்டிற்குக்கூடப் போய்ப் பேசவில்லை. பெண்ணாசிரியர் இருவர் உடன் வருகிறார்கள் என்று விளக்கவில்லை. நான்கு பெயர்களையும் அடித்துவிட்டு வேலை எளிதாயிற்று என்று இருந்துவிட்டேன். எனக்கு அது மறந்தே போயிற்று. அன்று மாலை பயிற்சிப் புத்தகத்தை மூடும்போது அவள்தான் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "சார், இந்தத் தடவை பேர அடிக்க மாட்டீங்கதானே?"

சிரிக்க முயன்றேன்.

அவர்கள் வரும் ஜூன் மாதம் புறப்படுகிறார்கள். அந்தத் தாயார் இன்னும் முழுமனத்தோடு ஒப்பவில்லை. நாள்தோறும் தொலைபேசியில் பேசவேண்டும் என்ற நிபந்தனையோடு பாதி இறங்கி வந்திருக்கிறார். எங்கள் பள்ளியின் இவ்வாண்டு முகாம் அடுத்த மாதம். பட்டியலில் ஒன்பது மாணவியர் இருக்கிறார்கள். ஆறு வீடுகளிலிருந்து அனுமதிப் படிவம் வந்துவிட்டது. வராத மூன்று வீடுகளுக்கு இந்தச் சனிக்கிழமை மாலை, உடன்வரும் பெண்ணாசிரியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.