கசமும் கரவும்

நீரிழிவு வந்தால் நாலுபேர் அறியச் சொல்லிக்கொள்கிறோம். அதனை ஒரு பெருமைபோலப் பேசுவாரும் உளர். கசம் வந்தாலோ வாசற்கதவு அடைபடுகின்றது. மருதமுனையில் இருமலுக்குத் தறித்தூசி காரணமாகின்றது, சம்மாந்துறையில் அரிசி ஆலையின் உமித்தூசி, சாய்ந்தமருதிலே கடற்காற்று. இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளியைச் சோதிப்பதே முறை என்பதனை நம்மவர் அறியாதவர் அல்லர். அறிந்தும் கரக்கின்றனர்.

இவ்வச்சத்திற் பாதி பெயரிலேயே உள்ளது. ‘க்ஷயம்’ என்னும் வடசொல் தேய்வைக் குறிக்கும். அதன் திரிபே சயம். எலும்புருக்கி என்றும் இந்நோய்க்குப் பெயருண்டு. தேய்வதும் உருகுவதுமே முடிவாயிருந்த காலத்துப் பெயர்கள் இவை. 1882இல் றொபேட் கொக் இதன் கிருமியைக் கண்டறிந்தார். 1940களில் ஸ்ரெப்டோமைசின் வந்தது. பின்னர் அதனினும் சிறந்த மருந்துகள் வந்தன. பெயர் மட்டும் பழைய அச்சத்தைச் சுமந்து நிற்கின்றது.

இன்றைய சிகிச்சை ஆறு மாதம். முதலிரு மாதங்கள் நான்கு மருந்துகள். எஞ்சிய நான்கு மாதங்கள் இரண்டு. அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் யாவும் இலவசம். மருந்துகளுள் ஒன்றாகிய ரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். இதனை முன்னரே சொல்லாவிடின் நோயாளி இரத்தமென்று அஞ்சி மருந்தையே விட்டுவிடக்கூடும். ஆயினும் பெரிய இடையூறு அஃதன்று. ஓரிரு மாதத்தில் இருமல் தணிந்து, பசி திரும்பி, உடலில் தசை பிடிக்கின்றது. “இனி எதற்கு மாத்திரை?” என்ற எண்ணம் தோன்றுவது அப்போதுதான். அரைகுறையாய் விடப்பட்ட கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாய் மீளலாம். மீண்டால் சிகிச்சை கடினமாகும். நோயாளி படும் துன்பமும் பெரிதாகும்.

நோயாளிக்குத் தட்டும் கோப்பையும் வேறாக வைப்பது நம் வீடுகளிற் கண்ட காட்சி. இந்நோய் பாத்திரத்தாற் பரவுவதன்று. இருமும்போது காற்றிற் கலக்கும் நுண்துளிகளாற் பரவுவது. ஆதலால் தட்டைப் பிரிப்பதிலும் சன்னலைத் திறப்பது மேல். நோயாளியை வீட்டில் வைத்திருக்கலாமா என்ற வினாவுக்கோ, விடை சென்னையிலே கிடைத்து அறுபதாண்டுக்கு மேலாயிற்று. அங்கே 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையத்தில், ஒரு பகுதி நோயாளரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கமான வீடுகள், சத்துக் குறைந்த உணவு. ஆயினும் அவர்களும் ஏறக்குறைய ஒப்பவே குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாரை நோய் கூடுதலாகப் பற்றவுமில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. காப்பது சுவரன்று, மருந்து. மருந்து தொடங்கிய சில கிழமைகளிலேயே பெரும்பாலோரிடம் தொற்றும் தன்மை மிகக் குறைந்துவிடும்.

பிறந்த குழந்தைக்குப் போடும் பீ.சீ.ஜீ. ஊசி, மூளையைத் தாக்கும் கொடிய வகையினின்று குழந்தையைக் காக்கும். வளர்ந்தோரின் நுரையீரலுக்கு அதனை நம்பியிருத்தல் இயலாது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் சிறு பிள்ளைகளுக்கு வருமுன் காக்கும் மாத்திரை உண்டு. நோயை மறைக்கும் வீட்டில் அம்மாத்திரை அப்பிள்ளைகளை எவ்வாறு சென்றடையும்?

மறைப்பதற்குக் கலியாணப் பேச்சு ஒரு காரணம். அதற்கு மருந்து பள்ளிவாசல்களிடம் இருக்கின்றது. நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்த நபிகளாரின் சொல்லை ஜும்ஆவில் இந்நோயின் பெயர் சொல்லியே எடுத்துரைத்தல் வேண்டும். மற்றொரு காரணம் அத்துணை எளிதன்று. வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரின் மருத்துவச் சோதனையில், மார்புப் படத்திலே பழைய தழும்பு காணப்பட்டாலும் தகுதியற்றவர் என்று தள்ளப்படுவதுண்டு. கட்டாரையும் சவூதியையும் நம்பியிருக்கும் இளைஞன், தன் பெயர் சிகிச்சைப் பதிவேட்டில் ஏறிவிடுமோ என்று ஒதுங்குகிறான். அவனை நான் பழிக்கமாட்டேன். ஆனால் தழும்பை உண்டாக்குவது நோயே; பதிவேடன்று. தாமதிக்கத் தாமதிக்கத் தழும்பும் பெருகும். மறைத்தவனையே அப்படம் முதலிற் காட்டிக்கொடுக்கும்.

முற்றாகக் குணமடைந்து எவருக்கும் நோய் பரப்பவியலாத ஒருவனைத் தழும்புக்காகத் தள்ளுவது மருத்துவ நியாயமன்று. தொழிலாளரை அனுப்பி அந்நியச் செலாவணி பெறும் நம் அரசாங்கம் இதனை அந்நாடுகளோடு பேசித் தீர்க்கக் கடமைப்பட்டுள்ளது. நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திற் கேட்கவேண்டிய கேள்விகளுள் இதுவும் ஒன்று.