கோவில் எனப்பட்ட சந்தை

இத்தாலி நாட்டிற்குத் திருப்பயணம் மேற்கொள்வோர் பெரும்பாலும் உரோமையின் பேராலயங்களைத் தரிசித்துத் திரும்பிவிடுகின்றனர். ஆனால் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, பொத்சுவோலி என்னும் கடலோர ஊரில், விசுவாசிகள் சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது ஆலயமன்று, உரோமையர் காலத்துச் சந்தை ஒன்றின் இடிபாடு.

திருவிவிலியத்திற்கு இவ்வூர் புதியதன்று. கைதியாக உரோமை நோக்கிக் கொண்டுசெல்லப்பட்ட புனித பவுல், அலெக்சாந்திரியக் கப்பலொன்றில் வந்து கரையிறங்கிய புத்தயோலி இதுவே. அங்கிருந்த சகோதரர்கள் வேண்டிக்கொண்டதால் அவர் ஏழு நாட்கள் அவர்களோடு தங்கினார் (திருத்தூதர் பணிகள் 28:13-14). எகிப்தின் தானியம் வந்திறங்கிய பெருந்துறைமுகம் அது. நாம் இன்று காணும் சந்தை அதற்குச் சில பத்தாண்டுகளின் பின் கட்டப்பட்டது.

இன்றைய வீதி மட்டத்திற்குக் கீழே சதுர முற்றமொன்று கிடக்கிறது. சுற்றிலும் கடைகளாக விளங்கிய சிறு அறைகள். நடுவே வட்ட வடிவ மேடை. ஒரு புறத்தில் உயர்ந்து நிற்கும் மூன்று பளிங்குத் தூண்கள். அத்தூண்களில் சுமார் 12 அடி உயரத்திற்கு மேல் கடற்சிப்பிகள் துளைத்த துவாரங்கள் காணப்படுகின்றன. எரிமலைப் பிரதேசமாதலால் அந்நிலம் மெல்லத் தாழ்ந்து கடலில் அமிழ்ந்து, பின்னர் மீண்டும் உயர்ந்தது. 1982 முதல் 1984 வரையான காலத்தில் மட்டும் ஏறத்தாழ 1.8 மீற்றர் உயர்ந்தது.

1750ஆம் ஆண்டில் இவ்விடத்தை அகழ்ந்தபோது, செராப்பிஸ் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் சிலை கிடைத்தது. ஆகவே இதனைச் ‘செராப்பிஸ் கோவில்’ என்றழைத்தனர். இறைச்சியும் மீனும் விற்கப்பட்ட சந்தையே இது என்பது பிற்கால ஆய்வில் தெளிவாயிற்று. எனினும் பழைய பெயர் இன்றும் வழங்குகிறது.

அவர்கள் சந்தையைக் கோவில் என்று தவறாக எண்ணினர். நாமோ கோவிலுக்கும் சந்தைக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணி வாழ்கிறோம். இவ்விரண்டில் நமது தவறே பெரிது என்பேன்.

இத்தகைய சந்தையை உரோமையர் ‘மாக்கெல்லும்’ என்றனர். இச்சொல்லின் கிரேக்க வடிவம் புதிய ஏற்பாட்டில் ஒரேயோர் இடத்தில் வருகிறது. கொரிந்து நகரச் சந்தையில் விற்கப்பட்ட இறைச்சியில் ஒரு பகுதி, சிலைகளுக்குப் பலியிடப்பட்டதாக இருந்தது. அதனை வாங்கலாமா என்று கிறிஸ்தவர்கள் கலங்கினர். சந்தையை விட்டு ஓடிவிடுமாறு பவுல் சொல்லவில்லை. உலகனைத்தும் ஆண்டவருடையது; எனவே கேள்வி கேட்காமல் வாங்கி உண்ணலாம் என்றார். ஆனால், அது படையற்பொருள் என ஒருவர் சுட்டிக்காட்டினால், அவருடைய மனச்சான்றின் பொருட்டு உண்ணாதிருக்கச் சொன்னார் (1 கொரிந்தியர் 10:25-29). சந்தைக்குச் செல்ல நமக்குச் சுதந்திரம் உண்டு; அச்சுதந்திரத்திற்கு எல்லை வகுப்பது அயலான்மீது கொண்ட அன்பு.

வியாபாரம் வேறு, விசுவாசம் வேறு என்று சொல்வோர் நம்மிடையே பலர். போட்டி நிறைந்த சந்தையில் நேர்மை பார்த்தால் பிழைக்க முடியாது என்பது அவர்கள் வாதம். குடும்பத்தைக் காக்கப் போராடும் சிறு வியாபாரியின் சிரமம் உண்மையானதே. ஆனால் அவருடைய கடைக்கு வருபவரும் ஒரு குடும்பத்தைக் காக்கப் போராடுபவர்தாம். ஓய்வுநாள் எப்போது முடியும், கள்ளத் தராசால் எப்போது விற்கலாம் என்று காத்திருந்தவர்களை ஆமோஸ் இறைவாக்கினர் கடிந்தார் (8:5). அவர்கள் வழிபாட்டு நாளைக் கைவிட்டவர்களல்லர். அதை முடித்துக்கொண்டு ஏமாற்றப் புறப்பட்டவர்கள்.

விற்பவருக்கு மட்டுமன்று, வாங்குபவருக்கும் இது பொருந்தும். பெரிய கடையில் கேட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், வீதியோரத்தில் கீரை விற்கும் தாயிடம் சில ரூபாய்களுக்காக வாதாடுகிறோம். உழைத்தவரின் கூலியை நாளைக்கென்று தள்ளிப்போடுகிறோம். கொடுக்கப்படாத கூலியின் கூக்குரல் ஆண்டவருடைய செவிகளுக்கு எட்டுகிறது என யாக்கோபு எச்சரிக்கிறாரே (5:4)!

அன்பார்ந்தவர்களே! பொத்சுவோலிச் சந்தையில் பெற்ற இலாபமும் இழந்த நட்டமும் ஒருவர் நினைவிலும் இல்லை. நிலமே தாழ்ந்தும் உயர்ந்தும் போனது. ஆனால் அக்கரையில் ஒரு கைதியை ஏழு நாட்கள் உபசரித்த அன்பு இறைவார்த்தையில் எழுதப்பட்டு நிலைத்திருக்கிறது. இவ்வாரம் கடைத்தெருவுக்குச் செல்லும்போது, தராசைப் பிடிக்கும் கையாயினும் பணத்தை நீட்டும் கையாயினும், திருவிருந்தில் ஆண்டவரை ஏந்திய கை அது என்பதை நினைவிற்கொள்வோம்.