நாய்க்கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது



தெருநாய்களைப் பிடிப்பதா விடுவதா என்று நாடே வாதாடுகிறது. கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் என்ன கிடைக்கிறது என்பது பற்றிப் பேச்சே இல்லை.

எங்கள் பகுதியில் அண்மையில் ஒரு சிறுவனின் கன்னத்தை நாய் கடித்துக் கிழித்துவிட்டது. அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டார்கள். காயத்தில் செலுத்தவேண்டிய இம்யூனோகுளோபுலின் இருப்பில் இல்லையென்று மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். 'ஊசிதான் போட்டாயிற்றே' என்று பெற்றோர் வீடு திரும்ப இருந்தார்கள். அக்கம்பக்கத்தார் வற்புறுத்திய பிறகே வண்டி பிடித்துப் போனார்கள்.

தடுப்பூசி போட்டவுடன் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை. உடல் அதை உருவாக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை ரேபிஸ் வைரஸைக் காயத்திலேயே மடக்குவது இம்யூனோகுளோபுலின். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கு இரண்டும் வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுவது முதல் வேலை; மஞ்சளோ சுண்ணாம்போ தடவக் கூடாது. வைரஸ் நரம்பு வழியே மூளைக்குச் செல்வதால் முகத்திலும் கழுத்திலும் பட்ட கடிக்கு ஆபத்து அதிகம். நோய் அறிகுறி தெரிந்த பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

இம்யூனோகுளோபுலினை வைத்துக்கொள்ள வசதியில்லை என்பதை ஏற்க முடியாது. தடுப்பூசியைப் போலவே இதையும் 2 முதல் 8 டிகிரி குளிரில்தான் வைக்கவேண்டும். அந்தக் குளிர்பெட்டி ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே இருக்கிறது. விலை அதிகம் என்பதும் முழுப் பதில் ஆகாது. காயத்திலும் அதைச் சுற்றியும் செலுத்தினால் போதும், மீதியைத் தசையில் போடவேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே அறிவித்துவிட்டது. சிறு காயங்களுக்குக் கொஞ்சம் மருந்தே போதும்.

சிகிச்சை ஒருபுறம் இருக்க, நோயை வேரறுக்க வேண்டியது நாய்களிடம்தான். ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தொடர்ந்து தடுப்பூசி போட்டால் பரவல் அறுந்துவிடும். கருத்தடை செய்யும்போது ஒருமுறை போட்டு, பிறகு மறந்துவிடுவதால் பயனில்லை, ஆண்டுதோறும் போடவேண்டும்.

2030-க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிப்போம் என்று மத்திய அரசு 2021-ல் செயல்திட்டம் வெளியிட்டது. அது நிறைவேற, நாய்க்கடிக்கு ஊசி போடும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இம்யூனோகுளோபுலின் இருக்கவேண்டும். அன்றன்றைய இருப்பை வாசலில் எழுதிவைக்க வேண்டும். தீர்ந்துபோனால் கடிபட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு மருத்துவமனையுடையது. சுகாதாரத் துறை இதற்கு உடனே ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்