கடல் கடந்து வந்த தமிழ்

1952-இல் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. தரமற்றவை என்பது அவர் கருத்து. தமிழர் செவிகளோ இலங்கை வானொலியை நாடின. 1957-இல் விவித் பாரதி தோன்றிய பின்னரும் அந்த ஈர்ப்புக் குன்றவில்லை.

கொடுங்கையூர்த் தேநீர்க்கடை வாயிலில் நம் தந்தையரும், பின்னர் நாமும் பாட்டுக் கேட்க நின்றோம். தமிழ் கற்றுத் திரும்பினோம். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் திருத்தமான உச்சரிப்பே நமக்குப் பாடமாயிற்று.

இன்று உரக்கப் படிக்கச் சொன்னால் மாணவர் ழகரத்தில் தடுமாறுகின்றனர். குற்றம் அவர்களுடையதன்று. மதிப்பெண் பெற்றுத் தராத வாசிப்பை வகுப்பிலிருந்து விலக்கியவர்கள் ஆசிரியராகிய நாமே. வாரம் ஒரு மணி நேரமேனும் உரத்து வாசிப்போம், வாசிக்கவும் செய்வோம்.