ஐந்து சரின்னா ஆறும் சரியா?

4294967297 – இந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்க.

3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் இது ஆறாவது. ஒரு எண்ணில் 1-ஐக் கழித்து, மிச்சத்தை அதாலேயே பெருக்கி, 1 கூட்டினால் அடுத்த எண் வரும். முதல் ஐந்தும் பகா எண்கள். அதனால் இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று 1640-இல் நம்பினார் பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை ஃபெர்மா.

1732-இல் ஆய்லர் அதை உடைத்தார். 641 × 6700417 = 4294967297! ரஃப் நோட்டில் பெருக்கிப் பாருங்க, சரியா வரும். அந்த ஐந்துக்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை கிடைக்கவே இல்லை.

நாம என்ன செய்றோம்? மூணு உதாரணம் சரியா வந்தாலே சூத்திரத்தை நம்பிடுறோம். யாராவது "ஏன்?"னு கேட்டா, "அது பரீட்சைக்கு வராது"ன்னு சிரிக்கிறோம். மேதை சொன்னதையே சரிபார்க்க வேண்டியிருக்கு. கைடுல இருப்பதை அப்படியே நம்பலாமா?

கணக்கில் விடை மட்டும் போதாது, காரணமும் வேணும் என்பதே என் கருத்து. ஆசிரியர்களே, வாரம் ஒரு சூத்திரத்தையாவது எங்களுக்கு நிரூபிச்சுக் காட்டுங்க. "ஏன்?"னு கேட்க நாங்க தயார்!

– 10-ஆம் வகுப்பு மாணவி