ராக்கருக்கு எதற்குத் தனிக் குழாய்?

பழைய டிரையம்ஃப் கார்க்காரர்கள் கூடுகிற இடத்தில் நாலு பானட்டைத் திறந்து பாருங்கள். ஒன்றிலாவது எஞ்சின் ஹெட்டின் பின்பக்கத்தில் பளபளவென்று கம்பி பின்னிய குழாய் ஒன்று ஏறிப் போகும். பிளாக்கின் பின்கோடியில், மெயின் ஆயில் கேலரியை அடைத்திருக்கும் பிளக்கைக் கழற்றி, அங்கிருந்து ஆயிலை வெளிவழியாக மேலே கொண்டுபோய் ராக்கர் ஷாஃப்ட்டுக்குக் கொடுக்கிற ஏற்பாடு அது. ஸ்பிட்ஃபயர், ஜிடி6, விட்டெஸ், டிஆர்6 என்று எல்லாவற்றுக்கும் கிட் கிடைக்கிறது. ‘கம்பெனி வைத்த வழியில் ராக்கருக்கு ஆயில் போதவில்லை, இதை மாட்டினால் எஞ்சின் ஆயுள் கூடும்’ என்பது இதை மாட்டியவர்களின் வேதவாக்கு. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஹெரால்டும் இதே எஞ்சின் குடும்பம்தான் என்பதால், இந்தப் பேச்சு நமக்கும் அந்நியமில்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சாலையில் ஓடுகிற காருக்கு அந்தக் குழாய் வேண்டாம். மாட்டியிருந்தால் கழற்றுங்கள்.

காரணம், ஆயில் பம்ப்பின் வேலைக் கணக்கு. பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஆயில் என்று தள்ளும், அவ்வளவுதான். அது பிரஷரை உண்டாக்குவதில்லை. தள்ளிய ஆயில் பேரிங் இடுக்குகள் வழியாக வெளியேறத் திணறுவதால் பிரஷர் உண்டாகிறது. வேகமாக ஓடும்போது பம்ப் தேவைக்கு மேல் தள்ளும். மிச்சத்தை ரிலீஃப் வால்வ் சம்ப்புக்குத் திருப்பிவிடும். குழாய் ஆதரவாளர்களின் ஒரே நியாயமான வாதம் இதில்தான் இருக்கிறது: எப்படியும் கீழே கொட்டப்போகிற ஆயிலைத்தானே மேலே எடுக்கிறோம் என்கிறார்கள். நெடுஞ்சாலையில் அது சரி. மே மாத மதியம் கத்திப்பாராவில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது? எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கிறது, ஆயில் கொதித்துத் தண்ணீராக இளகிவிட்டது, ரிலீஃப் வால்வ் இறுக மூடிக் கிடக்கிறது. பம்ப் தள்ளும் ஒவ்வொரு சொட்டும் மெயின் பேரிங்குக்கும், கிராங்க்கில் உள்ள துளைகள் வழியாக பிக் எண்டுக்கும் போயாக வேண்டிய நேரம். அப்போது கேலரியில் ஒரு புதுத் துவாரம் போட்டு வைத்திருக்கிறீர்கள். மெட்ரோ வாட்டர் லைனில் ஒரு வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சினால் தெருக்கோடி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும்.

இன்னொரு கணக்கையும் இதோடு சேர்க்க வேண்டும். பேரிங் இடுக்கு வழியாக ஒழுகும் ஆயிலின் அளவு, இடுக்கின் கனத்துக்கு ஏற்ப ஏறும். இடுக்கு இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்கு. ஆகவே தேய்ந்த எஞ்சினில் பம்ப் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். ராக்கர் சத்தம் போடுவது அப்படிப்பட்ட வயதான எஞ்சினில்தான்; கிட் வாங்க ஓடுவதும் அந்த எஞ்சினின் சொந்தக்காரர்தான். கொடுக்க வக்கில்லாத எஞ்சினிடம் போய்த்தான் கூடுதலாகக் கேட்கிறோம். ராக்கர் ஷாஃப்ட் போனால் ஒரு மதிய வேலை. கிராங்க் போனால் எஞ்சினையே இறக்க வேண்டும்.

சரி, ராக்கர் ஏன் சத்தம் போடுகிறது? ராக்கர் அசெம்பிளியைக் கழற்றி, முனையில் உள்ள ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, ஷாஃப்ட்டை உருவி, அதன் அடிப்பக்கத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். ராக்கர் உட்கார்ந்த இடத்திலெல்லாம் நகம் ஒரு படியில் தட்டி நிற்கும். ஒரு பக்கம் புஷ்ராடும் மறுபக்கம் வால்வ் ஸ்பிரிங்கும் ராக்கரை மேல்நோக்கியே நெருக்குவதால் தேய்மானம் எப்போதும் அடியில்தான். மேலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் புதுசு மாதிரி மின்னும். பிறகு முனை அடைப்பைத் தட்டி எடுத்து உள்ளே ஒரு கம்பியை விடுங்கள். பின் பெடஸ்டல் வழியாகத்தான் ஆயில் ஏறுகிறது. அங்கிருந்து முன்கோடிக்குப் போகும் வழியெல்லாம் பல ஆண்டுக் கசடு தார் போலப் படிந்திருந்தால் கடைசி ராக்கர் காய்வதில் என்ன அதிசயம்? மாற்றாமல் ஓட்டிய ஆயிலின் கைவரிசை அது. குழாய் மாட்டினால் அதே கசடின் மேல் இன்னும் அழுத்தி ஊற்றுவோம், அவ்வளவுதான்.

ராக்கர் நுனியையும் பாருங்கள். வால்வ் தண்டில் இடித்து இடித்து அதில் சிறு குழி விழுந்திருக்கும். டாப்பட் இடைவெளி பத்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு. ஃபீலர் கேஜின் தகடு அந்தக் குழியின் மேல் பாலம் போட்டாற்போல் நிற்கும். பத்து என்று காட்டும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். எத்தனை முறை டாப்பட் வைத்தாலும் டிக் டிக் நிற்காததற்கு இதுதான் காரணம். உடனே ‘மேலே ஆயில் ஏறவில்லை சார்’ என்று தீர்ப்பு வந்துவிடும்.

ஆயில் ஏறத்தான் செய்கிறது, அளவோடு. கேம் ஷாஃப்ட்டின் பேரிங் வழியாக அளந்து அனுப்பும் ஏற்பாட்டைத் தெரிந்தேதான் வைத்தார்கள். 1953ல் ஸ்டாண்டர்ட் எய்ட்டில் 803 சிசியாகப் பிறந்த எஞ்சின் 948, 1147, 1296, 1493 என்று வளர்ந்து 1980ல் கடைசி ஸ்பிட்ஃபயர் வரை உழைத்தது. அத்தனை ஆண்டும் கம்பெனி ஆட்களுக்குத் தோன்றாத யோசனையா இது? சிக்கனத்துக்காக விட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். இந்த எஞ்சினில் சிக்கனம் பார்த்த இடங்கள் உண்டுதான். கிராங்க்கின் த்ரஸ்ட் வாஷரை இரண்டு அரைவட்டத் துண்டுகளோடு முடித்துக்கொண்டது ஒன்று. அதைப் பார்த்துக் கவலைப்படுங்கள். அந்த வாஷர் தேய்ந்து விழுந்தால் பிளாக்கே போய்விடும். அதற்குப் பளபளப்பான கிட் கிடையாது என்பதால் யாரும் பேசுவதில்லை.

மேலே கொட்டுகிற கூடுதல் ஆயில் கீழே இறங்கியாக வேண்டும் என்பதும் மறந்துபோகிறது. வால்வ் கைடு தேய்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்லெட் பக்கத்து வெற்றிடம் அந்த ஆயிலை உள்ளே இழுக்கும். பின்னால் வருகிறவர் முகத்தில் நீலப் புகை. பிறகு ‘ரிங் போச்சு’ என்று இன்னொரு தீர்ப்பு.

ரேஸ்காரர்கள் மாட்டுகிறார்களே என்பார்கள். கடினமான ஸ்பிரிங், உயரத் தூக்கும் கேம், எப்போதும் உச்ச வேகம், சீசனுக்குச் சீசன் பிரித்துப் பார்க்கும் பேரிங் என்று அவர்கள் உலகமே வேறு. அவர்களிலும் விவரமானவர்கள் வெறும் குழாயை மாட்டுவதில்லை; நடுவில் ஊசித்துளை உள்ள ரிஸ்ட்ரிக்டரை வைத்து ஆயிலைச் சுருக்குகிறார்கள். கம்பெனி உள்ளே செய்து கொடுத்ததை வெளியே, அதுவும் அதிர்ந்து உரசுகிற குழாயில், காசு கொடுத்துத் திரும்பச் செய்கிறார்கள்.

ஆயில் விஷயத்தில் எதையுமே மாற்றக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பழைய கேனிஸ்டர் ஃபில்டரை எடுத்துவிட்டு, ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வுள்ள ஸ்பின் ஆன் ஃபில்டர் போடுவது அருமையான வேலை; காலையில் ஸ்டார்ட் செய்ததும் பேரிங் கடகடப்பது குறையும். ரிலீஃப் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு கேஜ் முள்ளை ஏற்றுவது வேறு ரகம். ஐட்லிங்கில் மூடியே கிடக்கும் வால்வை இன்னும் இறுக்கி என்ன லாபம்?

குழாயைக் கழற்ற முடிவு செய்தால், ஹெட்டிலும் பிளாக்கிலும் பழைய பிளக்குகளைப் புதுச் செம்பு வாஷரோடு போடுங்கள். ஷாஃப்ட்டையும் தேய்ந்த ராக்கர்களையும் மாற்றுங்கள். ஷாஃப்ட்டின் துளைகள் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்று இரண்டு தரம் பாருங்கள். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஐட்லிங்கில் பிரஷர் கேஜைப் பார்த்து, குழாய் இருந்தபோது முள் எங்கே நின்றதோ அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.