வானில் எண்ணெய் ஊட்டும் விமானங்களும் அவற்றை வாங்கும் முறையும்

திருப்பூர் பின்னலாடைத் தொழிலாற் பெயர்பெற்ற ஊர் என்பதை யாவரும் அறிவர். அதற்கு மேற்கே, பல்லடத்திற்கு அப்பால், சூலூரில் நம் நாட்டு ஆகாயப் படையின் தளம் ஒன்று உளது. உள்நாட்டில் ஆக்கப்பெற்ற தேஜஸ் விமானங்களைக் கொண்ட 18-ம் படைப்பிரிவு 2020 மே மாதம் அங்கே அமைந்தது. இவ்விரு ஊர்களையும் ஒருங்கே நோக்கின் நாட்டிற்குப் பயன்படுவதொரு படிப்பினை கிடைக்கும் என்பது நம் கருத்து.

சிறிய யுத்த விமானம் சுமந்து செல்லும் எண்ணெய் சிறிதளவே. ஆயுதம் மிகுந்தால் எண்ணெய் குறையும். எண்ணெய் மிகுந்தால் ஆயுதம் குறையும். இவ்விடர் நீக்கவே வானில் எண்ணெய் ஊட்டும் விமானங்கள் ஏற்பட்டன. பெரிய விமானம் நுனியிற் கூடை போன்ற வாயுடைய நீண்ட குழாயைப் பின்னே தொங்கவிடும். பின்வரும் விமானம் தன் முன்புறக் குழலை அதனுட் செலுத்தி எண்ணெய் பெறும். தேஜஸ் 2018 செப்டம்பரில் 20,000 அடி உயரத்தில் 1,900 கிலோகிராம் எண்ணெயை இங்ஙனம் பெற்றது.

ஊட்டும் விமானங்கள் நம்மிடம் எத்துணை? உஸ்பெகிஸ்தானத்திலிருந்து 2003-ல் வரத்தொடங்கிய ஆறு இல்யூஷின்-78 விமானங்களே நெடுங்காலம் நம் படைக்கு ஆதாரம். 2010 முதல் 2016 வரை அவற்றுட் பறக்கும் நிலையில் இருந்தவை சராசரி 49 சதவீதமே என்றும், வேண்டியது 70 சதவீதம் என்றும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017-ல் எடுத்துக்காட்டினார். மேலும் ஆறு வாங்கச் செய்த முயற்சி 2010-ல் கைவிடப்பட்டது. 2013-ல் ஏர்பஸ் கம்பெனியாரின் விமானம் தெரிந்தெடுக்கப்பட்டும், 2016-ல் அதுவும் கைவிடப்பட்டது. 2020-ல் பிரான்சிலிருந்து வந்த முதல் ரஃபேல் விமானங்களுக்கு வழியில் எண்ணெய் ஊட்டியது பிரெஞ்சுப் படையின் விமானமே. 2025 மார்ச்சில், விமானிகளின் பயிற்சிக்கென அந்நியக் கம்பெனி ஒன்றிடம் ஒரு விமானத்தை வாடகைக்குப் பெற ஒப்பந்தம் செய்தனர்.

இந்நிலைக்கு ஒரு பெருங்காரணம், வாங்கும் நாளின் விலையையே பெரிதாக எண்ணுதல். திருப்பூர்த் தொழிலாளர் இதனை நன்குணர்வர். மலிவான பின்னல் யந்திரத்தை வாங்கிய ஒருவர், ஊசி ஒடிந்தவிடத்து வேறு ஊசி கிடையாமல் அதனை நிறுத்துவாராயின், கப்பலேற்றும் நாள் தவறும். சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்து இலாபம் முழுதும் அக்கூலியிலேயே கரையும். ஆதலின் யந்திரத்தின் விலையோடு உதிரிப் பாகம், பழுது பார்ப்போன், மின்செலவு யாவற்றையும் கூட்டிப் பார்ப்பவரே அறிவுடைய வியாபாரி. பழைய யந்திரம் வாங்குவதும் இழிவன்று. பழைய பிரயாணி விமானங்களை எண்ணெய் விமானங்களாக மாற்ற இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றுடன் 2022-ல் உடன்படிக்கை செய்ததும் இவ்வகையினதே.

குறைந்த விலை விதி தளர்ந்தால் லஞ்சம் புகும் என்பர் சிலர். அவ்வச்சம் நியாயமானதே. அமெரிக்காவில் இத்தகைய விமானங்களை வாடகைக்குப் பெறும் திட்டம் முறைகேட்டால் வீழ்ந்து, கொள்முதல் அதிகாரி ஒருவர் 2004-ல் சிறைத்தண்டனை பெற்றார். 2008-ல் செய்த தெரிவும் முறையீட்டின்மேல் ரத்தாயிற்று. ஆயினும் அவர்கள் முயற்சியை விட்டாரல்லர். 2011-ல் போயிங் கம்பெனியாருடன் ஒப்பந்தம் முடித்து, 2019-ல் முதல் விமானத்தைப் பெற்றனர். குற்றம் செய்தோரைத் தண்டிப்பது வேறு; காரியத்தையே கைவிடுவது வேறு அன்றோ?

ஆதலின், விமானத்தின் ஆயுட்காலச் செலவு முழுதையும் கணக்கிட்டே விலை ஒப்பிடுதல், உதிரிப் பாகங்களுக்கும் முதலிலேயே ஒப்பந்தம் செய்தல், முடிவு கூறக் காலவரை விதித்தல் ஆகிய மூன்றும் வேண்டும் என்போம். செலவாவது ஏழை வரிகொடுப்போர் பணம். எண்ணெய் வற்றும் வானில் நிற்பவன் நம் இளைஞன். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதே சிக்கனம். பொருள்நூலும் பொறியியலும் பயிலும் நம் மாணவருட் சிலர் நாளை இத்தகைய கணக்குகளை எழுதும் ஆசனங்களில் அமரக்கூடும். அவர்கள் இதனை மறவாதிருப்பாராக.